பதினோரு விநாடி

மூன்றாம் பாகம், நாற்பத்திரண்டாம் நிமிடம்.
கதவு திறக்கிறது. வருகிறான். சுடப்படுகிறான்.
விழுந்தவனைத் தாண்டி நாயகன் ஓடுகிறான்.
மொத்தம் பதினோரு விநாடி.
பெயரில்லை, வசனமில்லை.
கடைசியில் மேலேறும் எழுத்துகளிலும்
தேடிப் பார்த்துவிட்டேன்.

அந்தப் பதினோரு விநாடியை
ஒன்றரை வருடமாக
நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.

முழங்கால் மூடியில் தேய்ந்த சாம்பல்,
அதற்கடியில் மயிரிழையாக மஞ்சள்.
இடது தொடையில் ஆறு ஆணிக்கு இடம்.
மூன்றாவது இல்லை.
எந்த ஊர்க் கொட்டகையிலோ
படப்பிடிப்பு அவசரத்தில் உதிர்ந்திருக்கும்.
நானும் ஆறு துளை போட்டு
ஐந்தை அடித்தேன்.
அந்த ஒன்றை அடிக்காமல் விடத்தான்
கை அதிகம் நடுங்கியது.

அவன் ஆறடி இரண்டு. நான் ஐந்தடி ஒன்று.
தலைக்கவசம் முதல் கணுக்கால் வரை எல்லாவற்றையும்
நூற்றுக்கு எண்பத்திரண்டாகச் சுருக்கினேன்.
நெஞ்சுத் தகடு மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை.
அவனுக்கு அங்கே சமவெளி.
பக்கவாட்டில் இரண்டு விரல் பிரித்து,
சூட்டுக் காற்றில் பிளாஸ்டிக்கை இளக்கி,
துவாலையை மடித்துப் போட்டு
என் மேலேயே வைத்து அழுத்தினேன்.
வலது விலாவில் தழும்பு இருக்கிறது.
வெளியே பார்த்தால் அதே சமவெளி.
உள்ளே எனக்கு இடம்.

பாயா தெருபோங், பதினான்காம் மாடி.
மழை மாதத்தில் மலை ஜன்னல் வரை வந்து நிற்கும்.
பசை காயாது. பெயின்ட் பால்போல் பூத்துவிடும்.
மூன்று முறை தேய்த்து மூன்று முறை அடித்தேன்.
நாற்பது வெள்ளி டப்பா ஒவ்வொன்றும்.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்.
அங்கேயும் உச்சி முதல் பாதம் வரை வெள்ளைதான்.
தூசுக்குப் பயந்த சில்லுகளின் அறையில்
கண் மட்டும் தெரிய எட்டு மணி நேரம்.
யார் நூருல், யார் சுபத்ராதேவி என்று
நடையை வைத்துத்தான் சொல்ல முடியும்.
விடிந்ததும் வந்து குளித்துவிட்டு
இன்னொரு வெள்ளைக்குள் போகிறேன்.
இதில் என்னை நானே பூட்டிக்கொள்கிறேன்

என்று எழுதத்தான் ஆசை.
முதுகுக் கொக்கி நான்கும் எனக்கு எட்டாது.

யோகமலர் சோற்றை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.
ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.
“மூச்ச இழு. இன்னும் இழுடி.
இதுக்குப் பட்டுப்புடவையே தேவல.”
டக். டக். டக்.
நான்காவதற்கு முழங்காலை என் இடுப்பில் ஊன்றினாள்.
டக்.
“இப்ப ஒன்னுக்கு வந்தா?”
அதை நான் யோசிக்கவில்லை.

படத்தில் அவன் முதுகு தெரிவதே இல்லை.
அங்கே கொக்கியா, காந்தமா, வெறும் நாடாவா,
இன்றுவரை தெரியாது.
ஆனால் யாரோ மாட்டிவிட்டிருக்கிறார்கள்.
ஆறடி இரண்டுக்கும் எட்டாத இடம் அது.
மாட்டிவிட்டு, தட்டிக்கொடுத்து,
போய்ச் செத்துவிட்டு வா என்று அனுப்பியிருப்பார்கள்.

லிஃப்டில் ஊய் அங்கிள், கையில் குருவிக் கூண்டு.
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
டெங்கிக்குப் புகை அடிக்க வந்தாயா,
நோட்டீஸ் ஒட்டவில்லையே என்று மலாயில் கேட்டார்.
பதிலுக்குக் காத்திராமல்
கூண்டின் துணியை இழுத்து மூடினார்.

கண்ணாடியில் என் மூச்சு படிந்தது.
பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி
தாடைக்கடியில் தேனீபோல் எழுந்தது.
ஓரத்திலிருந்து மெல்ல வெளுத்து
உலகம் ஒரு தட்டளவு திரும்பி வந்தது:
பொத்தான்கள், ஒரு பிளாஸ்டிக் செருப்பு,
துணிக்குள்ளிருந்து குருவியின் குரல்.

பத்தாம் மாடி தாண்டும்போதே
அவனைவிட அதிக நேரம்
உயிரோடு இருந்துவிட்டேன்.

தரைத்தளம்.
கதவு திறக்கிறது.
வருகிறேன்.