கேட் போட்டிருக்கும்போது படித்தவை

கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால்
சராசரியாகப் பதினொரு பக்கம்.
எதிரும் புதிருமாக இரண்டு கூட்ஸ் என்றால் இருபது.
ஐப்பசியிலிருந்து இப்படித்தான் படிக்கிறேன்,
ஸ்கூட்டியை அணைத்து, ஹேண்டில்பாரில் புத்தகத்தைச் சாய்த்து.
பின்னால் ஷேர் ஆட்டோ
யாரையோ திட்டுவதுபோல் ஹாரன் அடிக்கும்.

முதலில் முடித்தது எழுநூறு பக்கம்.
வக்கீலும் பால்காரரும்
ஒரே மாதிரி வாக்கியத்தில் மூச்சு விடுகிறார்கள்.
அது எழுதியவரின் மூச்சு.
ஆனால் நானூற்றுப் பன்னிரண்டில்
ஒருத்தி செத்துப்போன கணவனின் செருப்பை மாட்டிக்கொண்டு
தீப்பெட்டி வாங்கப் போய் வருகிறாள்.
அந்தப் பக்கத்துக்காக மற்றதை மன்னித்தேன்.
மன்னித்தேனே தவிர
மறுபடி திறக்க மாட்டேன்.

அடுத்தது, உங்க ஏரியா கதை என்று சொல்லிக் கொடுத்தார்கள்.
மூன்றாம் பக்கத்தில் கத்தி.
ஏழில் கானா.
பத்தில் கேரம் போர்டு.
எழுதியவர் பேசின் பிரிட்ஜை
ரயில் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார்,
மூக்கைப் பொத்திக்கொண்டு என்று நினைக்கிறேன்.
இருபத்தாறு வருஷத்தில்
நான் கத்தி பார்த்தது ஒரே ஒரு தடவை,
எண்ணெய்க் கடை வாசலில்.
வசனம் எதுவும் இல்லை.
ஒருவன் மெதுவாக உட்கார்ந்தான்,
பஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்தவன்போல.
அதை எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.
அவருக்கு நாற்பது இடத்தில் வந்திருக்கிறது.

பனி பெய்யும் தேசத்து மொழிபெயர்ப்பு ஒன்று.
எட்டு இடத்தில் எவனாவது தோளைக் குலுக்குகிறான்.
தண்டையார்பேட்டையில் யாரும் தோளைக் குலுக்குவதில்லை,
உதட்டைப் பிதுக்குவார்கள்.
குறை சொல்லிக்கொண்டேதான் படித்தேன்.
உறைந்த ஏரியின் நடுவில் நின்று
தபால்காரன் தன் வீட்டுச் சாவியைத் தேடுகிற இடத்தில்
கேட் திறந்ததே தெரியவில்லை.
"யக்கா, தூங்கிட்டியா?" என்றது
பின்னாலிருந்து ஒரு மீன்கூடை.
விரல் நுனி சில்லிட்டிருந்தது,
வெயிலில்.

இன்னும் இரண்டு படித்தேன்.
பெயர்கூட நினைவில்லை.
அதுவே கருத்து.

அப்புறம் ஃப்ளோரன்ஸ் எழுதிய நூற்றுப் பத்துப் பக்கம்.
கல்மண்டபத்தில் என்னோடு டீ குடித்தவள்,
என் முதல் கதையில் ஒற்றுப்பிழை பார்த்தவள்.
ஹார்பரில் கன்டெய்னர் எண்ணும் ஒருத்தியின்
ஓர் இரவு, அவ்வளவுதான்.
ஒன்றும் நடக்காது.
விடியும்போது கணக்கில் ஒன்று குறையும்.
அவள் மறுபடி எண்ண மாட்டாள்.

"நல்லா வந்திருக்கு" என்று போனில் சொன்னேன்.
சொல்லாத கருத்து:
அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.
அந்தக் கடைசி வரி என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.
நாலு வருஷம் அதே கிரேன்களைப் பார்த்தபடி
மாடி ஜன்னலில் உட்கார்ந்திருந்தது நான்.
அவள் வீட்டிலிருந்து கிரேனே தெரியாது.

என் நாவலை எங்கள் தெருவில் படித்தது ஒருவர்தான்,
ஜெராக்ஸ் கடை கலீல்.
எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கக் கூடாது.
"நல்லாத்தான்க்கா கீது.
ஆனா நம்ம தெருவுக்கு தண்ணி லாரி செவ்வாய்க்கெயம.
நீ வியாயன்னு போட்டுகீறியே.
அந்தப் பொம்பள கொடத்த வெச்சிகினு நிக்கறா,
நிக்கறா, லாரி வரவேயில்ல.
நீ அத சோகம்னு எய்திகீற.
எனக்கு இன்னா தோணுச்சுன்னா,
யாராச்சும் அவகிட்ட கெயமைய சொல்லக்கூடாதா?"
சொல்லிவிட்டு
யாருடைய ஆதார் கார்டையோ இருபுறமும் நகலெடுத்தார்.

இன்று கேட் போட்டிருக்கிறது.
பையில் புதுப் புத்தகம்.
எடுக்கவில்லை.
கூட்ஸ் பெட்டிகளை எண்ணுகிறேன்.
நாற்பதுக்கு மேல் தவறிவிட்டது.
சரி, விட்டுவிடலாம் என்றால்
அது ஃப்ளோரன்ஸ் புத்தகம்.