கடைசி நிறுத்தம்

இரவு டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
வீடு திரும்பினாள் நோல்வென்.
ரேடியேட்டருக்கு மேலே ஹைட்ரேஞ்சியா.
நான்கு நீலத் தலைகளும் தொங்கிக் கிடந்தன,
கடைசி நிறுத்தத்தில்
தட்டி எழுப்ப வேண்டிய பயணிகள் மாதிரி.

தினமும் ஊற்றினேனே என்றாள், யாரிடமோ.
சட்டியைச் சுற்றிய பளபளத் தாளைக் கிழித்தாள்.
மண் சுருங்கி ஓரம் விட்டிருந்தது;
ஊற்றியதெல்லாம் வேரைத் தொடாமலே இறங்கித்
தாளுக்குள் நாறிக்கொண்டிருந்தது.

குளியல் தொட்டியை நிரப்பி
சட்டியை அமிழ்த்தினாள்.
ஒரு குமிழி.
பிறகு வெகுநேரம் குமிழிகள்.
வெளியே பிரெஸ்ட் நகரத்து ஓயாத மழை.
குளிக்க இடமில்லை;
முகம் மட்டும் கழுவிப் படுத்தாள்.

நாலு மணிக்கு விழித்தபோது
மூன்று தலைகள் நிமிர்ந்திருந்தன,
கொஞ்சம் திமிராகவே.
நான்காவதைச் சமையல் கத்தரியால் நறுக்கினாள்,
மொட்டுக்குச் சற்று மேலே.

சட்டி வடக்கு ஜன்னலுக்குப் போயிற்று.
குளிரும் இடம்தான்.
டிராம் அங்கிருந்து தெரியும்.