தலைக்கு இரண்டு வாளி

காலை ஏழு மணிக்கு என் வேலை
ஓர் எண்ணைப் படிப்பது.
படித்து, ஏட்டில் எழுதி,
ரோஸ்லிக்குப் போன் போட்டுச் சொல்வது.
ஆயர் ஈத்தாம் அணையில் பதினோரு வருடமாக
அரை நிமிடத்தில் முடிகிற வேலை.
இப்போது அரை மணி பிடிக்கிறது.
கீழே போகப் போக எண்களெல்லாம்
பாசிக்குள் இருக்கின்றன.
இரும்புப் பிரஷால் தேய்த்துத் தேய்த்து
இன்றைய எண்ணை வெளியே எடுக்கிறேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர் நின்ற கோட்டில்
இன்று புல்.
அதற்குக் கீழே சீனப் பெருநாள் கோடு,
அங்கே ஒரு ஹெல்மெட்,
காற்றுப் போன கால்பந்து,
யாருடையதோ கல்யாண ஆல்பத்தின் அட்டை,
படங்கள் இல்லாமல்.
தண்ணீர் இவ்வளவு நாள்
யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறது.

நீர்நாய்க் குடும்பம் போன வாரமே கிளம்பிவிட்டது.
ஆற்றுப் பாலத்தடியில் பார்த்தேன் என்றான் மீ கடைக்காரன்:
வாடகை ஏறியதும் வீடு மாறுகிறவர்களைப் போல,
குட்டிகளை முன்னால் விட்டு,
திரும்பிப் பார்க்காமல்.
போக வழியில்லாத திலாப்பியாக்கள்
மிச்சமிருக்கும் குட்டையில்
மேலே வந்து வந்து
வாயைத் திறந்து மூடுகின்றன.
கொக்குக்கு விருந்துதான்.
அதுவும் தின்று சலித்து
ஒற்றைக் காலில் நின்று
வேறெங்கோ பார்க்கிறது.

வியாழக்கிழமை சேற்றில் ஓர் ஆமை.
ஓட்டில் சிவப்பு மையில் மூன்று சீன எழுத்து.
வேண்டுதல் வைத்து விடுவார்கள்,
கோயில் குளத்தில் இடமில்லையென்றால்
ராத்திரியில் இங்கே கொண்டுவந்து.
விடக்கூடாது என்று பலகை இருக்கிறது.
அந்தப் பலகையை நட்டவனே நான்தான்.
கழுத்துவரை புதைந்திருந்தது.
கண் மட்டும் திறந்து.

பாயா தெருபோங், பதினான்காம் மாடி.
லிப்டில் ஏறியதும் எல்லாரும் கேட்பார்கள்:
“இன்னிக்கு எவ்வளவு?”
இருபத்தொன்று புள்ளி அறுபத்து நான்கு.
பூன் ஹுவாட் அதையே எழுதிக்கொள்கிறான்,
நாலு நம்பர் கடையில் கட்ட:
இரண்டு, ஒன்று, ஆறு, நான்கு.
ஒரு வாரமாகக் கட்டுகிறான்.
நம்பர் விழவில்லை.
தண்ணீர்தான் விழுந்துகொண்டே இருக்கிறது.

வாளிக்குள் எட்டிப் பார்த்த உமாதேவி
ஒன்றும் சொல்லவில்லை முதலில்.
பாத்திரம் கழுவிய தண்ணீர் கழிவறைக்கு,
அரிசி களைந்தது செடிக்கு,
குளித்தது தரைக்கு,
எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருப்பவள்.
பிறகு சொன்னாள்:
“தலைக்கு ரெண்டு வாளிதானே தர்றான்?
இதுக்கும் ஒரு தலை இருக்கு.
கொண்டுபோய்க் காட்டுங்க.”

காட்டினேன்.
வரிசையில் சிரிப்பு.
காக் ஸலேஹா தன் வாளியை எனக்கு முன்னால் நகர்த்திவிட்டு
ஆமையைக் குனிந்து பார்த்தாள்.
லோரிக்காரன் ரப்பர் குழாயோடு குனிந்தான்.
அந்த நேரம் பார்த்து
அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

பூன் ஹுவாட்டின் மனைவிதான்
ஓட்டில் இருந்ததை வாசித்துச் சொன்னாள்.
பெயர் என்று நினைத்திருந்தேன்.
நோயாளி ஒருத்தரின் பெயர், பிழைத்தாரோ என்னவோ என்று.
பெயரில்லையாம்.
“சீக்கிரம் வீட்டுக்கு வா.”
யார் யாரிடம் சொன்னது என்று
அவளுக்கும் தெரியவில்லை.

அன்றிரவு மழை பெய்தது,
கடல் மேல்.
ஜன்னலில் நின்று பார்த்தோம்.
மின்னல் வெட்டும்போதெல்லாம்
பாலத்துக்கு அப்பால் வெள்ளையாய் ஒரு திரை,
யாருக்கும் உதவாமல்.
குளியலறையில் ஆமை
வாளியின் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தது,
டொக், டொக் என்று,
கதவு திறக்கச் சொல்வது போல.
உமாதேவி எழுந்து போனாள்.
முகம் கழுவ எடுத்து வைத்த சொம்புத் தண்ணீர்
விழும் சத்தம் கேட்டது.
பாதி விழுந்தது.
நிறுத்தினாள்.
பிறகு மீதியும்.

விடிந்து போய்த் தேய்த்தேன்.
இருபத்தொன்று புள்ளி அறுபத்திரண்டு.
ரோஸ்லி எழுதிக்கொண்டான்.
“வேறென்ன?” என்றான்.