பூஜ்ய வேகத்தில் பெய்த பனி

இரண்டரை லட்சம் வாட்டில் ஒரு கத்தல்.
கத்தும்போது காதைப் பொத்தி
முடிந்த மறுநொடியே திறந்துவிட வேண்டும்.
மறுநொடி என்பதே அதிகம்.
ரிசீவர் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு
இதோடு நிறுத்திக்கொள்வேன்.
சாப்பாட்டு மேசையில் அடுத்த கேள்வி வந்ததில்லை.

திரும்பி வருவது
எண்பது கிலோமீட்டருக்கு அப்பால்
பனித்துகள்கள் யோசித்துத் தந்த மிச்சம்.
அதைவிட உரக்க முணுமுணுக்கிறது
முதல் ஆம்ப்ளிஃபையரின் சொந்தச் சூடு.
அதில் அரை டெசிபல் குறைக்க
எனக்கு மூன்று வாரம் பிடித்தது.

டிசம்பரில் நண்பகல் சூரியன்
பைன் மரங்களுக்கு மேல் இரண்டு டிகிரி எட்டிப் பார்க்கும்.
ஆன்டெனா அதைக் கடக்கையில்
திரையில் ஊசிக் கோடு ஒன்று விழும்.
என் காது சரியாகக் கேட்கிறதா என்று
அதை வைத்துத்தான் சோதிக்கிறேன்.
கயானியில் மற்றவர்கள் அதை வெயில் என்கிறார்கள்.

வியாழன், அதிகாலை நாலரை.
பனி தள்ளும் வண்டியிலிருந்து பென்ட்டி.
"இர்மெலி, குஹ்மோ சாலையில் உன் திரை என்ன சொல்கிறது?"
"ஒன்றுமில்லை. தெளிவு."
அவர் பதில் பேசவில்லை.
கண்ணாடித் துடைப்பான் திணறுவதை
போனில் கேட்கவிட்டார்.

வடிகட்டிக்கு முந்தைய எண்களைத் திறந்தேன்.
இருந்தது.
காற்று வடக்கிலிருந்து; சாலை எனக்குக் கிழக்கே.
அந்தப் பனி
என்னை நெருங்கவில்லை, விலகவில்லை,
பார்வைக்குக் குறுக்கே
ஒழுங்காக, அலட்டாமல் போய்க்கொண்டிருந்தது.

பூஜ்ய வேகம் என்றால் குன்று,
செல்போன் கோபுரம், தண்ணீர்த் தொட்டி:
அழித்துவிடு.
ஐந்து வருடம் முன்பு அந்த வரியை எழுதியது நான்.
அன்று கேக் வாங்கி வந்தார்கள்,
திரை அவ்வளவு சுத்தம்.
குறுக்கே போவதும் நிற்பதும்
எனக்கு ஒன்றே என்று
அன்று யாரும் சொல்லவில்லை.
நானே சொல்லியிருக்கலாம். கோசைன் பள்ளிக்கூடப் பாடம்.

வெட்டுப் பள்ளத்தைக் குறுக்கினேன்.
இரு கரைச் சரிவையும் பார்த்து
நடுவில் என்ன உயரம் இருந்திருக்கும் என
ஊகித்து நிரப்பச் சொன்னேன்.
சாலையில் பனி வந்தது.
கூடவே ஹொங்காவாரா குன்றும் வந்துவிட்டது,
மேகம் மாதிரி, நகராமல்.
இரண்டில் ஒன்றை மட்டும் கூப்பிட
இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

திங்கள்கிழமை பென்ட்டி மறுபடி.
"ஹொங்காவாராவில் நாலு நாளாகக் கொட்டுகிறதே?"
"அது குன்று" என்றேன்.
"குன்றை எனக்குத் தெரியும்,
அது இருந்துவிட்டுப் போகட்டும்" என்று
கியரை மாற்றினார்.