தலைக்கணக்கு

மார்க்கர் பேனாவால் முழங்கைக்குக் கீழே
இருபத்தேழு என்று எழுதினான் குணசீலன்.
பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்துக்கு அப்புறம்
என் உடம்பில் யாரும் எண் போட்டதில்லை.
மகனுடைய விளையாட்டுச் சிலுவார்,
கையுறை ஃபேக்டரி கொடுத்த நீலச் சட்டை.
"யோகேஸ், நீயா போட்டி போடப் போறே?"
கொதிக்கும் எண்ணெய்க்கு மேலிருந்து கேட்டாள் பத்மலோசினி.
போட்டி இல்லை, சும்மா என்றேன்.
சும்மாதான்:
இரும்புப் பாலத்திலிருந்து
பழைய பம்பு வீடு வரைக்கும்
முந்நூறு மீட்டர்.

மழை விட்டு மூன்று நாள் ஆகியிருந்தது.
ஞாயிறு என்பதால் எண்ணெய் மில்லும் ஓடவில்லை.
இந்த இரண்டும் ஒத்துவந்தால்தான்
எங்கள் ஆறு தேத்தண்ணி நிறத்துக்குத் தெளியும்.
மற்ற நாளெல்லாம் தே தாரிக்.

முப்பது வருஷம் பொம்பாவில் இருந்த ருஸ்லான்
ஆறு லோரி டியூப்,
ஒரு நைலான் கயிறு,
கழுத்தில் விசிலோடு
இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.
"நாற்பத்தொரு பேர் இறங்குறீங்க,
நாற்பத்தொரு பேர் ஏறணும்.
நாற்பதுன்னா யாருக்கும் சாப்பாடு கிடையாது."
பாதி மலாய், பாதி தமிழ்.
சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.

முதல் இருபது கை நன்றாகத்தான் போட்டேன்.
பிறகு ஆறு என்னைக் கவனித்துவிட்டது.
விலாவில் பிடித்துத் திருப்பியது,
மூக்கில் ஏறியது.
தாப்பா ரோட்டு லிம் கடைப் பையன்கள்
மீன்குஞ்சு மாதிரி தாண்டிப் போனார்கள்.
சர்ச் பாட்டுக் குழு மொத்தமும்
பேசிக்கொண்டே தாண்டிப் போனது.
பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில்
ரப்பர் பாலில் முங்கி எழும் பீங்கான் கைகளையே
பார்த்துப் பழகின என் கை
தன்னைத் தூக்க மாட்டேன் என்றது.

மல்லாந்தேன்.
காது இரண்டும் தண்ணீருக்குள்.
இந்தக் கரை செம்பனை, அந்தக் கரை செம்பனை,
நடுவே ஒரு முழம் வானம்.
யாருக்கும் எதுவும் செய்ய வேண்டாத
ஒரு நிமிஷம்.
ஒரு நிமிஷம்கூட இருக்காது.

பக்கத்தில் ஒரு மூச்சு கேட்டது.
எண் இல்லாத கை.
அரும்பு மீசை. பார்த்த முகம் இல்லை.
தண்ணீருக்கே தெரியாமல் நீந்தினான்.
"பெலான் பெலான், காக்" என்றான்,
மெல்ல, அக்கா.
அவனுக்கும் அது இரவல் மொழி என்று
அந்த மூச்சுவாங்கலிலும் தெரிந்தது.
முந்தாமல், பிந்தாமல்
பம்பு வீடு வரை கூடவே வந்தான்.

கரையில் ருஸ்லான் தலை எண்ணினார்.
நாற்பத்திரண்டு.
மறுபடி எண்ணினார்.
லிம் கடைப் பெரியவன் சீனத்தில் எண்ணினான்.
நாற்பத்திரண்டு.
"ஒருத்தர் குறைஞ்சா என்ன செய்யணும்னு
எனக்குப் பாடம் இருக்கு.
கூடினா?"

அதற்குள் அவன்
லாலாங் புல்மேல் கிடந்த சட்டையை எடுத்துக்கொண்டு
நடக்கத் தொடங்கியிருந்தான்.
விசில் ஊதினார்.
அப்படியே நின்றான்.
யாரும் சொல்லாமல்
இரண்டு கையும் தோளுக்கு மேலே போயின.

மீ கோரெங் சட்டியில் கரண்டி நின்றது.
விசிலைக் கழற்றிப் பைக்குள் திணித்தார் ருஸ்லான்,
பிள்ளைகள் முன்னால் கெட்ட வார்த்தை
பேசிவிட்டவர் மாதிரி.

பேனாவை வாங்கிக்கொண்டு நான் போனேன்.
ஈரத்தில் மை பிடிக்கவில்லை.
துடைக்க என் சட்டை உதவாது, அது அதைவிட ஈரம்.
பத்மலோசினி மாவுக்கையோடு ஓடிவந்து
துப்பட்டாவை நீட்டினாள்.
நாற்பத்திரண்டு.
நாலு கொஞ்சம் கோணல்.

பெயர் ரொபியுல்.
பத்தாம் நம்பர் பிளாக்கில் குலை வெட்டுகிறானாம்.
மூன்று தட்டு சாப்பிட்டான்.
சம்பலில் சீனி கூட என்று
பத்மலோசினியிடமே சொன்னான்.
அவளிடம் அதைச் சொல்லிவிட்டு
நான்காவது தட்டும் வாங்கியவன்
இந்த ஊரில் அவன் ஒருவன்தான்.

திங்கள் இரவு ஷிஃப்டில்
இருபத்தேழு இன்னும் அழியவில்லை.
சூப்பர்வைசர் பார்த்துவிட்டு என்ன என்றார்.
ஆத்துக்குப் போனோம் என்றேன்.
செயின் ஓடத் தொடங்கியது.
பீங்கான் கைகள் வந்தன, வந்தன,
ஒன்றிலும் எண் இல்லை.