ஒரு நிமிடத்தில் விலங்குகள்

தெரிந்த விலங்குகளின் பெயரையெல்லாம் சொல்லுங்கள்,
வரிசை முக்கியமில்லை, ஒரு நிமிடம் தருகிறேன் என்றேன்.
என் கையில் நிறுத்துகடிகாரம்,
அவள் கையில் இன்னும் கழற்றாத ஈரக் கையுறை.
கயானி நகரத்து நவம்பர்.
பிற்பகல் மூன்றரைக்கே ஜன்னலில் இருட்டு.

மார்கெத்தா ரௌதியோ, ஐம்பத்து நான்கு வயது.
பத்தொன்பது ஆண்டுகள் நடமாடும் நூலகத்தை ஓட்டியவள்.
ஏரியோரத்து வீடுகளுக்குத்
துப்பறியும் நாவல்களும் பின்னல் புத்தகங்களும் கொண்டுபோனவள்.
எந்தப் புத்தகத்தை யார் எந்தப் பக்கத்தில் கைவிட்டார்கள்
என்பதுவரை அவளுக்கு மனப்பாடம் என்கிறார் கணவர்.

பசு, என்றாள். குதிரை. பூனை.
கரடி. ஓநாய். பசு.
மேசையைத் தடவியபடி யோசித்து, பசு.
பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை.
நாய்.
ஆறு என்று எழுதினேன்.
எத்தனை முறை வந்தாலும் பசு ஒன்றுதான்.

அப்புறம் வண்ணக் கட்டைகள்,
எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைக்கும் கோடு.
ஏழிலிருந்து எழுத்துக்குத் தாவாமல்
எட்டுக்கே போய் நின்றது பென்சில்.
காப்பீட்டுக்காரர்களுக்கு ஓர் எண் போதும்.
ஐமோ கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார்:
"சவக்குழிக்குள்ள என் தம்பியை இறக்கும்போது சிரிச்சா.
இதுக்கு எத்தனை மதிப்பெண்?"
மதிப்பெண் கிடையாது. பெயர் உண்டு.
சொன்னேன். அது அவருக்கு எதற்கும் உதவவில்லை.

விபத்தைப் பற்றிக் கேட்டால்
"பனியில் சறுக்கிவிட்டேன்" என்பாள், சலிக்காமல்.
காவல்துறைத் தாளில் இருப்பது ஹிர்வி.
மனிதத் தோள் உயரத்துக்குக் கால்கள் உள்ள காட்டு மான்.
கார் காலைத்தான் தட்டும்,
நானூறு கிலோ உடல் நேராகக் கண்ணாடிக்கு வரும்.

குளிர்காலம் முழுக்கக் காப்பி போட்டோம்.
வடிதாள், தூள், தண்ணீர், பொத்தான்.
முதல் வாரம் தாள் இல்லை.
அடுத்த வாரம் தாள் மட்டும்.
பயிற்சியாளர் ரியிக்கா படிகளை எழுதி
அலமாரிக் கதவில் ஒட்டினாள்.
மார்கெத்தா காப்பியை மறந்துவிட்டு
அதிலிருந்த எழுத்துப்பிழையைத் திருத்தினாள்.
மார்ச்சில் ஒருநாள், யாரும் சொல்லாமல்,
இரண்டாவது கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.
அப்படியொரு கசப்பு. முழுதும் குடித்தேன்.

ஜூன். மறுபடி ஒரு நிமிடம்.
கலைமான், நீர்நாய், நரி, முள்ளெலி,
காட்டுப்பூனை என்று தொடங்கியவள்
பதினான்கு வரை வந்தாள். பசு ஒரே ஒரு தடவை.
ஐம்பதாவது நொடியில் வாய் நின்றது.
ஜன்னலைப் பார்த்தாள்.
இந்த மாதத்தில் அங்கே இருட்டே வராது.
முள் ஓடி முடிந்தது, அழுத்தினேன்.
நான்கு நொடி கழித்து, தாழ்ந்த குரலில்:
ஹிர்வி.

விதிப்படி அது கணக்கில் சேராது.
சேர்க்கவில்லை.
ஓரத்தில் சின்னதாக எழுதிவைத்தேன்.

மேல்சட்டையின் ஒரு கையை மாட்டியபடி கேட்டாள்:
"அதோட குட்டி எந்தப் பக்கம் போச்சு?"

அறிக்கையில் குட்டி இல்லை.
அடிவிழுந்த நொடிகளை மூளை பதிந்துவைப்பதில்லை,
அந்த ஓட்டையை அதுவே கதை நெய்து அடைத்துக்கொள்ளும்
என்று படித்திருக்கிறேன், மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.
அந்தச் சாலையில் இரண்டு பக்கமும் காடு.
பேனாவோடு உட்கார்ந்திருந்தேன்.

"இடப்பக்கம்," என்றார் ஐமோ வாசலிலிருந்து,
அவளுடைய இன்னொரு கைக்குச் சட்டையைப் பிடித்தபடி.
"பத்திரமாத்தான் போச்சு."

அன்றைக்கு அவர் காரில் இல்லை.