நாற்பது விநாடி

இந்த ஊரில் குளிர்காலத்துக் கார்களுக்கு
மூக்கிலிருந்து ஒரு வயர் தொங்கும்.
இரவில் அதை வீட்டுச் சுவரில் செருகிவைப்பார்கள்,
எஞ்சின் உறைந்துபோகாமலிருக்க.
காலையில் பிடுங்க மறந்து, வண்டியைக் கிளப்பி,
வயரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டே
பாதித் தெரு போனவர்களை எனக்குத் தெரியும்.
எனக்குச் செருக ஒன்றுமில்லை.
இரண்டு காலுறை, அதன்மேல் இன்னொன்று,
கண் மட்டும் தெரிகிற கம்பளிக் குல்லா,
ஏழு பன்னிரண்டு பஸ்.

வின்னிபெக்கில் கார் இல்லை என்றால்
முகத்தை ஒருமாதிரி வைத்துக்கொள்கிறார்கள்.
'கண்பார்வையில் ஏதாவது?' என்றார் பல் டாக்டர்.
குடித்துவிட்டு ஓட்டி லைசென்ஸ் போயிற்றா என்று
கேட்காமல் கேட்டாள் தம்பி மனைவி.
ஒன்றுமில்லை.
கணக்குப் போட்டேன், அவ்வளவுதான்.
தவணை, இன்சூரன்ஸ், பனிக்கென்று வேறு டயர்.
பள்ளிக்கூடச் சமையலறைச் சம்பளம்
அதில் முதல் சிக்னல்வரைகூடப் போகாது.

பத்துக் கிலோ மாவு மலிவு என்று தெரியும்.
இரண்டு கிலோதான் வாங்குகிறேன்.
தர்பூசணியை மூன்று கோடையில் மூன்று தடவை தூக்கி
மூன்று தடவையும் திரும்ப வைத்திருக்கிறேன்.
எந்த விருந்திலும்
பதினொன்றே காலுக்குமேல் என்ன நடக்கிறது என்பது
எனக்குத் தெரியாது.
அதற்குப் பிறகுதான் எல்லாரும் பாடினார்களாம்.

ஜனவரியில் ஒரு நாள், மைனஸ் முப்பத்தெட்டு.
எதிர்வீட்டு ஓரெஸ்ட் ஹ்லுஷ்கோ
காரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினார்.
வயர் செருகித்தான் இருந்தது.
வீட்டுக்குள் பியூஸ் போயிருந்தது.
பிறகு தலையைக் குனிந்தபடி நடந்து வந்து
பஸ்ஸுக்கு நின்றார்,
தப்பான பக்கத்தில்.
கைகாட்டிக் கூப்பிட்டேன்.
பத்தொன்பது வருடம் எதிரெதிர் வீடு.
அவரைத் தொப்பியோடு அன்றுதான் பார்த்தேன்.
'எவ்வளவு? மீதிச் சில்லறை தருவார்களா?'
'தரமாட்டார்கள்.'
சொல்லும்போது, மறைப்பானேன், கொஞ்சம் இனித்தது.
கண்ணாடித் தடுப்பில் எந்த விரிசல்வழியே
காற்று வரும் என்று காட்டினேன்.
காலை மாற்றி மாற்றி மிதிக்கச் சொன்னேன்.
பெரிய மனிதர், சொன்னபடி மிதித்தார்.
ஏறியதும் கம்பியைப் பிடிக்காமல் நின்று
முதல் திருப்பத்திலேயே
ஒரு கல்லூரிப் பையன் மடியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் என் நிறுத்தத்தில் ஹாரன்.
'ஏறு ஸ்வாவா. கடன் வைக்க எனக்குப் பிடிக்காது.'
இருக்கைக்கு அடியில் யாரோ
அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது.
நேற்று உறைந்த ஆறு,
பஸ்ஸில் பார்த்துப் பார்த்துக் கடக்கிற ஆறு,
தும்மி நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது.
எட்டு நிறுத்தம் எங்கே போயிற்று?
ரேடியோவில் யாரோ கோல் போட்டார்கள்.
இறக்கிவிட்டார், கையசைத்தார், போய்விட்டார்.

பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்தது.
சாவிக்காரர் வர இன்னும் இருபத்திரண்டு நிமிடம்.
தடுப்பு கிடையாது.
விரிசலைக் காட்டவும் ஆள் கிடையாது.
கதவுப் பிடியில் கையுறை ஒட்டிக்கொண்டது.
அந்தக் குளிர்காலத்திலேயே
நான் அதிகம் நடுங்கியது
காரில் போன அன்றுதான்.

அடுத்த நாள் ஏழு பன்னிரண்டு.
படியேறும்போது டிரைவர் மார்லிஸ்
திரும்பாமல், மேலே இருக்கிற கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள்:
'நேற்று உனக்காக நாற்பது விநாடி நின்றேன்.
அந்தச் சிவப்புக் கோட்டுப் பையன்
இறங்கித் தெருமுனைவரை போய்ப் பார்த்துவந்தான்.
பச்சை விளக்கு போயிற்று.'

கோபமா என்று தெரியவில்லை.
பின்னால் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.
அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே நகர்ந்தேன்.
சிவப்புக் கோட்டு தன் பையைத் தூக்கி
இடம் விட்டது.

ஓரெஸ்டிடம் இதை எப்படிச் சொல்வது என்று
எட்டு நிறுத்தமும் யோசித்தேன்.
நல்ல மனிதர்.
நாளைக்கும் ஹாரன் அடிப்பார்.